பயிற்சிக்குத் தகுதி எங்கே தொடங்குகிறது?

தோட்டத்துப் பிள்ளைகளுள் பலர் எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகே மருத்துவ ஆய்வுக்கூடப் பயிற்சியைப் பற்றிக் கேட்கின்றனர். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. இரத்தம் சோதிக்கும் வேலையோ எக்ஸ்ரே எடுக்கும் வேலையோ, டிப்ளோமாவில் சேரப் பொதுவாகக் கணிதத்திலும் அறிவியலிலும் கிரெடிட் வேண்டும். மலாய்மொழியில் தவறினால் சான்றிதழே கிடையாது. 2013 முதல் சரித்திரமும் அப்படியே. டிரெசர் ஐயாவின் பக்கத்தில் நின்று தொழில் பழகிய காலம் போயிற்று; 2016ஆம் ஆண்டுச் சட்டம் பதிவையும் கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே, மூன்றாம் படிவம் முடிந்து பாடம் தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைக்க வேண்டும். யார் நினைப்பது? பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுகின்றனர். மலாயில் வரும் அறிவிப்பு அவர்களுக்கு எட்டுவதில்லை. கிராணிமார்களை நாம் கேட்பது இதுதான்: விண்ணப்பம் திறக்கும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது அந்தப் பிள்ளைகளோடு உட்காருங்கள்.