இடுக்குப் பிள்ளையாரும் ஆண்களின் ஆபரேஷனும்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் 14 கிலோ மீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். அவ்வழியில் இடுக்குப் பிள்ளையார் என்பதாக ஒரு சாமி இருக்கிறது. அதன் இடுக்கில் ஒருக்களித்து நுழைந்து வெளியேறினால் பிள்ளை பிறக்கும் என்று நம்புகிறவர்கள் அநேகர். உடம்பில் அடைபட்ட வழி, கல் இடுக்கில் நுழைவதால் திறக்குமா? அதைத் திறக்க வேறு உபாயம் இருக்கிறது. நம் ஆண்களில் பலருக்கு அது தெரியாததாலேயே இதை எழுதுகிறோம்.

ஆண்களுக்குச் செய்யும் கருத்தடை ஆபரேஷன் என்பது விந்தணு வரும் இரண்டு குழாய்களை அறுத்துக் கட்டுவதேயொழிய, ஆண்மையை அறுப்பதல்ல. விதைகள் பழையபடியே வேலை செய்கின்றன. மீசையையும் ஆசையையும் தரும் சுரப்புநீர் நேரே இரத்தத்தில் கலப்பதால் அது குறைவதில்லை. விந்தணு மாத்திரம் வெளிவராமல் உடம்பிலேயே கரைந்துபோகிறது.

பெற்ற பிள்ளையை இழந்தோ, மறுமணம் செய்தோ மீண்டும் பிள்ளை வேண்டுவோருக்கு, அறுத்த முனைகளை மைக்ராஸ்கோப்பின் உதவியால், தலைமயிரினும் மெல்லிய நூல்கொண்டு டாக்டர்கள் இணைக்கிறார்கள். 1991-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியில், 3 வருஷத்துக்குள் இணைத்துக்கொண்டவர்களில் 100-க்கு 97 பேருக்கு விந்தணு திரும்பியது. 100-க்கு 76 பேரின் மனைவிமார் கருவுற்றார்கள். 15 வருஷமும் அதற்கு மேலும் சென்றவர்களிடம் அவை 71 ஆகவும் 30 ஆகவும் குறைந்தன. இதற்குக் காரணம் தலைவிதியுமல்ல, தோஷமுமல்ல. நாள் செல்லச்செல்ல விதையையொட்டிய நுண்குழாயும் அடைபடலாம். சிலருடைய உடம்பு தன் விந்தணுவையே அந்நியமென்று கருதி எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. மனைவியின் வயதும் ஏறுகிறது. ஆகவே, பிற்பாடு இணைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி அறுத்துக்கொள்வது புத்திசாலித்தனமல்ல. பிள்ளை போதும் என்று தீர்மானித்தவர்களுக்கே அது ஏற்றது.

நிற்க, நம்மவர் யோக்கியதை என்ன? 2019-21 தேசியக் குடும்பநல சர்வேயின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் பாதிக்குமேல் தாங்களே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்ட குடும்பம் 100-க்கு ஒன்றுகூட இல்லை. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்கோ மரக்க ஊசி போட்டுச் செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 1976-77-ல், நெருக்கடி நிலையின்போது, 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்கு இந்த ஆபரேஷன் செய்யப்பட்டது. அவர்களில் பலர் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். அதனால் உண்டான பயத்தில் நியாயமிருந்தது. ஆனால் அன்று சர்க்கார் செய்த அக்கிரமத்துக்கு இன்று வீட்டுப் பெண்கள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

கார்த்திகை தீபத்தன்று, பாதி பெண்ணான அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் வெளியே வந்து ஆடிப்போவதைப் பார்த்துப் புருஷர்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பாதி உடம்பைக் கொடுத்த கடவுளுக்கு ஆண்மை போகவில்லையாம். மனைவியின் பாரத்தில் பாதியை ஏற்கும் பக்தருக்கு, ஒரு சிறு கீறலில் போய்விடுமா என்று கேட்கிறோம்.