வீட்டுக்கல்வியா? முதலில் வீட்டில் தமிழ் இருக்கட்டும்!

அண்மையில் ஒரு நாள், பள்ளி முடிந்து புறப்படும் வேளையில், என் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை என்னைத் தேடி வந்தார். மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே கற்பிக்க எண்ணியிருப்பதாகச் சொன்னார். “எப்படித் தொடங்குவது என்று மட்டும் வழிகாட்டுங்கள், ஐயா” என்றார். கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு வெளிநாட்டுப் பாடநூல் தொகுப்பொன்றை முன்கூட்டியே வாங்கியிருந்தார். கைப்பேசியில் படங்களையும் காட்டினார்.

“தமிழுக்கு?” என்று கேட்டேன்.

சற்றே தயங்கி, “தமிழ் வீட்டு மொழிதானே, ஐயா. பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

அந்தப் ‘பிறகு’ என்னும் சொல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நான் வீட்டுக்கல்விக்கு எதிரி அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘பாடம் சொல்லிக்கொடுக்கப் பெற்றோருக்கு என்ன தகுதி?’ என்று எள்ளி நகையாடும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கையில், மெல்லக் கற்கும் ஒரு பிள்ளையின் அருகே அரைமணி நேரம் அமர என்னால் இயலுவதில்லை. ஒரு தாயால் இயலும். அதை மறுப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆனால், தொடங்க நினைக்கும் பெற்றோர் பலர் தொடங்கும் இடமே தவறாக இருக்கிறது. அதைத்தான் கண்டிக்கிறேன்.

முதல் தவறு, சட்டத்தை அறியாமல் பிள்ளையை நிறுத்துவது. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2003 முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் பதியாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். விலக்கு வேண்டுவோர் கல்வியமைச்சிடம் விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். அவ்விலக்கு எளிதில் கிடைப்பதன்று. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025இல் மக்களவையில் நிறைவேறியது. ஆகவே, ‘யார் கேட்கப் போகிறார்கள்?’ என்ற துணிச்சலில் தொடங்காதீர்கள். பள்ளிப் பதிவிலிருந்து பெயரை எடுக்கும் முன்னரே விண்ணப்பத்தை அனுப்புங்கள். எழுத்து வடிவில் விடை வரும்வரை பிள்ளை பள்ளிக்கு வரட்டும்.

இரண்டாம் தவறு, வீட்டுக்கல்வி என்ற பெயரில் கடைவீட்டின் மேல்மாடியில் இயங்கும் மையத்தில் பிள்ளையைச் சேர்ப்பது. காலை எட்டு மணிக்கு விட்டு, மாலையில் அழைத்து வந்து, மாதந்தோறும் கட்டணம் செலுத்துவதில் ‘வீடு’ எங்கே இருக்கிறது? அதைத் தனியார் வகுப்பு என்று நேர்மையாகச் சொல்லுங்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் வீட்டுக்கல்வி இயலாது என்றால், அதை ஏற்றுக்கொள்வதில் இழுக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் என்னை வருத்துவது. அது தமிழைக் கைகழுவுவது.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். அங்கேயும் 2003 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் நடப்பில் உள்ளது. விலக்குப் பெற்று வீட்டில் பயிலும் பிள்ளைகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியாக வேண்டும். அத்தேர்வில் தாய்மொழியும் ஒரு பாடம். ஆகவே, பெற்றோர் மறந்தாலும் தேர்வு மறக்க விடாது. இங்கோ, யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. வீட்டில் பயிலும் பிள்ளைக்குத் தமிழ் வந்ததா, வரவில்லையா என்று கேட்கத் தேர்வும் இல்லை, ஆசிரியரும் இல்லை. கேட்கக்கூடியவர் பெற்றோர் மட்டுமே. அவரே ‘பிறகு’ என்றால், அந்தப் பிள்ளையின் தமிழ் அன்றோடு முடிந்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது, தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று நம்மில் பலர் குரல் கொடுத்தோம். 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோதும் அதே வழக்கு எழுந்தது. அறிவியலைத் தமிழில் கற்பிக்கத் தடையேதும் இல்லாத ஓர் இடம் இருக்குமானால், அது உங்கள் வீட்டுச் சமையலறைதான். சோற்றுப்பானை மூடியில் நீராவி படிந்து துளியாக விழுவதைக் காட்டி, ஆவியாதல், நீராவி சுருங்குதல் ஆகியவற்றைத் தமிழில் விளக்க யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. முழு உரிமை கையில் கிடைத்த நாளிலேயே தமிழை விலக்கி வைக்கிறோமே, பிறரைக் குறைகூற நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

‘வீட்டில் பேசுகிறோமே, அது போதாதா?’ என்பீர்கள். போதாது. பேச்சு மட்டும் எழுத்தைக் கற்றுத் தராது. 247 எழுத்துகளும், ல-ழ-ள வேறுபாடும், வல்லினம் மிகும் இடமும் தாமாக வந்து சேர்வதில்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கே இவற்றைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். அதன் உழைப்பு எனக்குத் தெரியும்.

சரி, எப்படித்தான் தொடங்குவது?

1. நாள்தோறும் காலையில் முதல் ஒரு மணி நேரத்தைத் தமிழுக்கு ஒதுக்குங்கள். களைத்துப்போன மாலையில் மிஞ்சியதைத் தராதீர்கள்.

2. தமிழ்ப்பள்ளிகளுக்கான கலைத்திட்ட ஆவணத்தைப் படியுங்கள். கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், இலக்கணம் என ஆண்டு வாரியாக அதில் வகுக்கப்பட்டுள்ளது. ஆத்திசூடியில் தொடங்கிப் படிப்படியாக ஏறிச் செல்லலாம்.

3. ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன், கேட்டதைப் பிள்ளை தன் சொல்லால் திரும்பச் சொல்வதைக் கற்றலின் முதன்மை வழியாகக் கொண்டார். வீட்டுக்கல்விப் பெற்றோர் பலர் அவரைப் பின்பற்றுகின்றனர், நல்லதுதான். அம்முறைக்கு ஏற்ற ஆசிரியர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். பாட்டி கதை சொல்லட்டும். பேரன் அதை மறுநாள் தமிழில் திரும்பச் சொல்லட்டும். பிறகு ஐந்து வரியில் எழுதட்டும்.

4. இறுதித் தேர்வு எதுவென இப்போதே முடிவு செய்யுங்கள். எஸ்.பி.எம். தேர்வைத் தனியார் தேர்வராக எழுதலாம். சான்றிதழ் பெறத் தேசிய மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் அதிலேயே எடுக்கலாம். வெளிநாட்டுத் தேர்வு ஒன்றே போதும் என்றிருப்போர், அரசுப் பணிக்கு எஸ்.பி.எம். தேசிய மொழித் தகுதி வேண்டும் என்பதை மறவாதீர்.

5. வாரம் ஒரு முறையேனும் தமிழ் பேசும் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். பெற்றோரோடு மட்டும் பேசும் மொழி, பிள்ளைக்குப் பெரியவர்களின் மொழியாகிவிடும். நண்பர்களோடு பேசும் மொழியே அவன் மொழியாகும்.

இவற்றையெல்லாம் அந்தத் தந்தையிடமும் சொன்னேன். ‘மனைவியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன், ஐயா’ என்று கூறிச் சென்றார். மகன் இன்னமும் என் வகுப்பில்தான் இருக்கிறான். நாளை அவன் வராமல் போனால் நான் வருந்தலாம், சினம் கொள்ளமாட்டேன். ஆனால், பத்தாண்டு கழித்து எங்கேனும் என்னைக் கண்டு, தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாமல் அவன் நிற்பானாயின், அந்தப் பழியைப் பள்ளியின்மீது போட முடியாது.

பெற்றோரே! பள்ளியை விட்டு விலகுவது உங்கள் முடிவாகலாம். தமிழை விட்டு விலகும் முடிவைப் பிள்ளைக்காக நீங்கள் எடுக்காதீர்கள். சிந்திப்பீர்!