முதியோர் இல்லமா? முதலில் குதிகாலைப் பாருங்கள்!



"பெத்த தாயை ஹோம்ல கொண்டுபோய் விட்டுட்டானே!" என்று ஊர் பேசுமே என்று பயந்து, இந்த விஷயத்தை நாம் வாய்விட்டுப் பேசுவதே இல்லை. அதனால் என்ன நடக்கிறது? யாருக்கும் தெரியாமல், முதலில் கிடைத்த இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வருகிறோம். நல்ல இடமா என்று நாலு பேரிடம் விசாரிக்கவும் வெட்கம். இந்த வெட்கம்தான் நம் பெரியவர்களுக்கு முதல் ஆபத்து என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காலத்தில் லயத்தில் ஒரு கிழவி படுத்துவிட்டால், பக்கத்து வீட்டு அக்காள் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள். இன்று எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பிள்ளைகள் அடுக்குமாடி வீட்டில். மகனுக்கும் மருமகளுக்கும் ஷிப்டு வேலை. பக்கவாதம் வந்த தகப்பனை யார் பார்ப்பது? இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். சோதிக்காமல் சேர்ப்பதுதான் பாவம்.

முப்பது வருடம் பால்மரம் சீவிய ஓர் அம்மாளை இல்லம் ஒன்றில் பார்க்கப் போனேன். வெள்ளையடித்த சுவர், சாமி படம், ஊதுவத்தி வாசனை. "சுத்தமான இடம்ண்ணே" என்றான் மகன். நான் போர்வையை விலக்கினேன். இரண்டு குதிகாலிலும் புண். இடுப்புக்குக் கீழே ஐம்பது காசு அகலத்தில் ஒரு குழி. ஊதுவத்தி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

படுக்கைப் புண் விதியால் வருவதல்ல. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி, இரத்த ஓட்டம் நின்று, சதை அழுகுகிறது. எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடவேண்டும். புண்ணாகும் முன் தோல் சிவக்கும் என்பார்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் மட்டும் இன்னும் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றையும் தொட்டுப் பாருங்கள்.

மற்றவற்றையும் கேளுங்கள்:

பதிவுப் பத்திரம்: 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, நாலு பேரோ அதற்கு மேலோ தங்கும் இல்லம் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

கிரில் கதவு: பல இல்லங்கள் சாதாரண வரிசை வீடுகள்தாம். இரவில் கிரில்லைப் பூட்டி, சாவியை ஒருவர் இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கினால், தீப்பிடித்தால் கதி என்ன? பின்கதவு திறக்கிறதா? நடக்க முடியாதவர்களை மாடியில் போட்டிருக்கிறார்களா?

சாப்பாடு: மாலை ஐந்து மணிக்குச் சோறு, மறுநாள் எட்டு மணிக்குத்தான் பசியாறல் என்றால் பதினைந்து மணி நேரம் வெறும் வயிறு. இன்சுலின் போடும் நீரிழிவுக்காரருக்கு இரவில் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மருந்து: ஒவ்வொருவர் மருந்தும் பெயர் எழுதித் தனியாக இருக்கவேண்டும், கொடுத்த நேரத்தை எழுதிவைக்க வேண்டும். எந்நேரம் போனாலும் எல்லாரும் தூங்கிக்கொண்டே இருந்தால், என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

குளியலறை: பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா?

"நாம குடுக்கிற காசுக்கு இதெல்லாம் கேக்க முடியுமா?" என்பீர்கள். கேட்கலாம். ஆளைப் புரட்டிப் போட விலையுயர்ந்த மெஷின் வேண்டாம்; இரண்டு கைகள் போதும். ஆனால் அந்தக் கைகள் இருக்கின்றனவா? இருபது பேருக்கு இரவில் ஒரே ஒரு பெண் என்றால், அவள் எத்தனை பேரைப் புரட்டுவாள்? அவளும் நம்மைப்போல் தொழிலாளிதான். அவளைத் திட்டாதீர்கள்; ஆள் போடாத நிர்வாகத்தைக் கேளுங்கள். நல்ல இல்லங்களும் உண்டு. கேள்வி கேட்டால் அவர்கள் கோபப்படமாட்டார்கள், உள்ளே அழைத்துக் காட்டுவார்கள். "சொல்லாம வராதீங்க" என்கிற இடத்தை விட்டு உடனே திரும்பிவிடுங்கள்.

சேர்த்த பிறகும் போங்கள், வேறு வேறு நேரத்தில், சொல்லாமல். அடிக்கடி ஆள் வந்துபோகும் கிழவரை அலட்சியம் செய்ய யாரும் யோசிப்பார்கள். குறை கண்டால் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்குச் சொல்லலாம். பிள்ளைகளோ வசதியோ இல்லாத 60 வயது கடந்தவர்களுக்கு, அரசாங்கம் நடத்தும் ருமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் இருக்கின்றன. சமூக நல இலாகாவில் விசாரியுங்கள்.

என் வேண்டுகோள் ஒன்று. நம் பழைய தொழிலாளர்கள் எந்தெந்த இல்லத்தில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கிளையும் ஒரு பட்டியல் எடுக்கட்டும். மாதம் ஒருமுறை இரண்டு பேர் போய்ப் பார்த்து வரட்டும். நமக்காகக் கொடி பிடித்தவர்கள் அவர்கள். போகும்போது பிஸ்கட் மட்டும் கொண்டுபோகாதீர்கள். போர்வையையும் விலக்கிப் பாருங்கள்.