உழைக்காத துணி

குர்தி விலை 1499. "ஃபிஃப்டி பர்சென்ட் ஆஃபர் மேடம்!" அப்புறம் என்ன, வாங்கியாச்சு. துவைச்சு நிழல்ல போடுறதுக்குள்ள தோள்பட்டைத் தையல் விட்டுடுச்சு. சரி, நாமளே தைச்சுக்கலாம்னு உள்பக்கம் திருப்பினா, ஊசி குத்தத் துணியே இல்லை. வெறும் ஓவர்லாக் விளிம்பு!

எண்பதுகள்ல சென்னை பாண்டி பஜார் பிளாட்பாரத்துல துணி எடுத்தவங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும். 1985-ல நதியா நடிச்ச 'பூவே பூச்சூடவா' படம் வந்துச்சு. உடனே நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை! மாசக் கடைசியிலயும் கைக்கு எட்டுற விலையில இருந்துச்சேப்பா ஃபேஷன்.

அதுக்காக அன்னிக்கு எல்லாமே சுத்தப் பருத்தின்னு கதை விடல. அம்மாவோட நைலக்ஸ் புடவையும் அப்பாவோட டெரிலின் சட்டையும் சித்திரை வெயில்ல படுத்தின பாடு இருக்கே! ஆனா கிழிஞ்சுதா? அம்மா கட்டின புடவை அக்காவுக்குத் தாவணியாகி, மிச்சம் ஜன்னல்ல திரையாத் தொங்கும். டெய்லர்கிட்ட "வளர்ற பிள்ளை, உள்ளே துணி விட்டுத் தைங்க"ன்னு சொன்னாப் போதும். அடுத்த தீபாவளிக்கு மடிப்பைப் பிரிச்சு விட்டா, பாவாடைக்கு இன்னும் ஒரு வருஷம் ஆயுசு. கோ-ஆப்டெக்ஸ் ரிபேட் வரட்டும்னு காத்திருந்த வீடுங்க எத்தனை!

இப்போ? போர்டுல 'சாஃப்ட் சில்க்', லேபிள்ல பாலியஸ்டர். கடை பேர் போட்ட மஞ்சப்பையில துணியை வெச்சு, சும்மாவே கொடுத்தனுப்புவாங்க அப்பல்லாம். இப்ப காகிதப் பைக்குத் தனிக் காசு. பில் போடணும்னா செல் நம்பர் வேணுமாம். எதுக்குங்க, சம்பந்தம் பேசவா? தையல் விட்ட குர்தியைத் தூக்கிக்கிட்டுப் போய் நியாயம் கேட்டா, "வாஷ் பண்ணிட்டீங்களே மேடம்!" துவைக்காம உடுத்துற துணின்னு ஒண்ணு இருக்கா என்ன?

பாண்டி பஜாருக்கு 2019-ல பளபளன்னு நடைபாதை வளாகம் வந்துச்சு. நடக்க சுகம்தான், இல்லைன்னு சொல்லல. பிளாட்பாரக் கடைக்காரங்க பலர் அதுக்கு முன்னாடியே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள்ள போயாச்சு. பேரம் பேசி ஜெயிக்கிற சந்தோஷமும் அவங்களோடயே போச்சு.

இத்தனைக்கும் நம்ம ஊர்ல தரமாத் தைக்கத் தெரியாம இல்ல. திருப்பூர்ல இருந்து கப்பல் ஏறுற பனியனுக்கு எத்தனை சோதனை! தையல் பிசிறினா வெளிநாட்டுக்காரன் வேண்டாம்னுடுவான். நமக்கு மட்டும் எது கொடுத்தாலும் சரின்னு யார் முடிவு பண்ணாங்க? குறைஞ்ச விலைக்கு வாங்குறவங்களுக்குத்தானே துணி கூடுதலா உழைக்கணும்? உடனே இன்னொண்ணு எடுக்க அவங்ககிட்ட காசு ஏது?

அன்னிக்கும் கடைக்காரர் நாம திரும்பி வரணும்னுதான் ஆசைப்பட்டார், துணி நல்லா உழைச்சுதேங்கிற திருப்தியில. இன்னிக்கும் அதே ஆசைதான். என்ன, கிழிஞ்சாத்தானே சீக்கிரம் வருவோம்!