மப்பு என்று சொல்லி மழுப்பாதீர்கள்

'மப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே நம் வயதுக்காரர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். இளைஞர்கள் தமிழைக் கெடுத்துவிட்டார்களாம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மப்பு பழைய சொல். வானம் மூடியிருந்தால் 'மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது' என்கிறோமே, அதே மப்புதான். குடித்தவன் தலைக்கும் கஞ்சா இழுத்தவன் தலைக்கும் அதைப் பொருத்திய புண்ணியவானுக்கு நல்ல கற்பனை.

என் சண்டை வேறு. இந்தச் சொல் ரொம்பவும் இதமாக இருக்கிறது. மேகம் மூடினால் யாராவது வைத்தியரைக் கூப்பிடுகிறார்களா? அது தானே கலைந்துவிடும். 'பையன் கொஞ்சம் மப்புல இருக்கான், காலையில சரியாயிடுவான்' என்று வீட்டில் சொல்வதும் அந்த நினைப்பில்தான். 'மிதப்பு', 'ஹை' எல்லாம் இதே ரகம். ஒன்று மிதக்க வைக்கிறது, இன்னொன்று மேலே ஏற்றுகிறது. விழுவதைச் சொல்ல ஆளில்லை.

பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்வது சட்டென்று விளங்கும். அங்கே போதை ஏறியவனை 'தெஃபோன்ஸே' என்பார்கள். அதுவும் கொச்சைதான். ஆனால் அதன் நேர்ப்பொருள், அடி உடைந்தவன். பீப்பாயின் அடியைத் தகர்ப்பதற்கும் இதே வினைச்சொல்தான். அடி போன பீப்பாய் காலையில் தானே சரியாகாது. செப்பனிட ஆள் வேண்டும். அந்தக் கொச்சையில் உள்ள நேர்மை நம்முடையதில் இல்லை.

'வெறும் இலைதானே தாத்தா, இயற்கை' என்று சில பேரப்பிள்ளைகள் வாதம் செய்வார்கள். ஊமத்தையும் இயற்கைதான். இளம் வயதில் தொடர்ந்து கஞ்சா புகைப்பவர்களுக்கு மறதியும் கவனக்குறைவும் வரும், மனநோய்க்கான ஆபத்தும் கூடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

'வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்பது பெற்றோரின் பயம். வாழ்நாளெல்லாம் கோப்பு புரட்டியவன் சொல்கிறேன், சட்டத்தைப் படியுங்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ சிக்கியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற நிலையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்தக் குற்றத்துக்கு வழக்கு இல்லை. ஒரு நிபந்தனை உண்டு: சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தச் சலுகை போய்விடலாம்.

ஆனால் அந்தப் பிரிவின் வாசலுக்கு மப்பு என்று சொல்லிக்கொண்டு போக முடியாது. 'என் மகன் அடிமையாகிவிட்டான்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கசக்கும்தான். சொல்லுங்கள். 14446 என்ற இலவச எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், ஜிப்மரின் மனநலப் பிரிவில் போய்ச் சொல்லுங்கள்.

திண்ணையில் நண்பர்கள் கேலி பேச மப்பு இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்குள் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது அதை வெளியே வையுங்கள்.