விதியல்ல, உள்குத்தகை!

ஊருக்கெல்லாம் தீபாவளியன்று ஒரு நாள்தான் தீப்பயம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து உழைப்பாளி வீட்டுக்கோ, பண்டிகைக்குப் பல மாதம் முன்பே தீ வந்துவிடுகிறது.

2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி ஓம் சக்தி பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் மாண்டனர். முதல் வெடியோசை கேட்டு உதவிக்கு ஓடிய ஊர் மக்களும் அவர்களில் உண்டு. 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் பலி. அதே ஆண்டு ஜூனில் தாயில்பட்டியில் குடியிருப்பு வீடே வெடித்து, சிறுவன் உட்பட மூவர் பலி. 2023 அக்டோபர் 17இல், தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, ரெங்கபாளையத்தில் 13 பேர் கருகினர், பெரும்பாலோர் பெண்கள்.

ஒவ்வொரு முறையும் "விதி" என்கிறார்கள். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்கிறார்கள். இது யார் செய்த விதி?

உரிமம் ஒருவர் பெயரில். அறைகளை உள்குத்தகை எடுத்து நடத்துவோர் பலர். கொடுத்த பணத்தைப் பருவம் முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற வெறி அவர்களுக்கு. எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் கையை விரட்ட வேண்டிய கட்டாயம் தொழிலாளிக்கு. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். பண்டிகை நெருங்கினால் ஆளும் பெருகுகிறது, மருந்தும் குவிகிறது. அந்த மருந்துக்குச் சிறு உராய்வு போதும். அறைகளுக்கு நடுவே விட வேண்டிய வெற்றிடத்திலும் மரத்தடியிலும் வேலை நடந்தால், ஓர் அறையின் தீ ஆலை முழுவதும் பரவுகிறது. திரியும் மருந்தும் வீட்டுக்கே வந்தால், குழந்தை தூங்கும் இடமே மருந்தறையாகிறது.

விவசாயக் கூலித் தோழர்களே! மழை பொய்த்துக் கரிசலில் வேலை இல்லாத நாளில் ஆலை வேனில் ஏறுவது நம் வீட்டுப் பெண்கள்தான். பஞ்சாலைத் தோழர்களே! பதிவேட்டில் பெயர் இல்லாதவனுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை, சேமநிதி இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

தொழிலை மூடச் சொல்லவில்லை. அது பல்லாயிரம் அடுப்புகளை எரிய வைக்கிறது. உள்குத்தகையை ஒழி! எண்ணிக்கைக் கூலியை மாற்றி நாள் கூலி கொடு! ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் எழுது! விபத்து நடந்தால் போர்மேனோடு நிற்காமல் உரிமதாரரையும் கூண்டில் ஏற்று! இதுவே நம் கோரிக்கை.

பிணத்தின்மீது வைக்கும் நிவாரணத் தொகை நீதியாகாது. உயிரோடு வீடு திரும்பும் உரிமையே நீதி. அதைச் சங்கமாகத் திரண்டுதான் பெற முடியும்.