அன்னாசிப் பழத்தில் ஆரம்பியுங்கள்!

எங்கள் எதிர்வீட்டுப் பையனுக்கு வயது பத்து. கெட்டிக்காரன். தென் அமெரிக்காவில் உள்ள 12 தேசங்களின் தலைநகரங்களையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். போன மாதம் என் முன்னால் நின்று ஒப்பித்தான். ஒன்றுகூடத் தவறவில்லை.

"சபாஷ்! அந்த ஊர்களில் இருக்கிறவர்கள் என்ன சாப்பிடுவார்கள்?" என்று கேட்டேன்.

பையன் விழித்தான். கொஞ்சம் யோசித்தான். பிறகு, "பாம்பு!" என்றான்.

அவன் அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பையன் மேல் குற்றம் இல்லை. அவனுக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு. ஒன்று, பூகோளப் புத்தகம். அதில் ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன, மனிதர்கள் இல்லை. மற்றொன்று, மலைப்பாம்பு வரும் சினிமா. அதில் காட்டு மனிதர்கள் வருகிறார்கள்; வீடு வாசல், பிள்ளை குட்டி உள்ள மனிதர்கள் வருவதில்லை. 40 கோடிக்கு மேல் ஜனங்கள் வாழும் ஒரு கண்டம், பத்து வயதுப் பையன் மனதில் ஒரு பாம்பாகச் சுருண்டு கிடக்கிறது!

இதைப் பள்ளிக்கூடத்தில் சரி செய்ய முடியாது. அங்கே பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. வீட்டில்தான் செய்ய வேண்டும். செலவும் அதிகம் இல்லை. தாய்மார்களே, தலைநகரங்கள் அப்புறம் இருக்கட்டும். முதலில் ஓர் அன்னாசிப் பழம் வாங்கி வாருங்கள்.

நாக்கில் ஒரு சொல்

அன்னாசி நம் ஊர்ப் பெயர் என்றுதான் நானும் வெகு நாள் நினைத்திருந்தேன். அது தென் அமெரிக்காவில் பிறந்த சொல். பிரேசில், பராகுவே பக்கத்தில் வாழும் துப்பி, குவரானி மக்கள் அந்தப் பழத்துக்கு வைத்த பெயர் 'நானா'. அது போர்த்துக்கீசியர் வாயில் 'அனனாஸ்' ஆயிற்று. கப்பல் ஏறி வந்து நம் வாயில் அன்னாசி ஆயிற்று.

பழத்தை அரிந்து கொடுக்கும்போது இதைச் சொல்லுங்கள். "கண்ணு, நீ இப்போது பேசியது குவரானிச் சொல்!" என்று சொல்லுங்கள். பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். குவரானி செத்துப்போன பாஷை அல்ல. 1992-ம் ஆண்டு அரசியல் சட்டப்படி அது பராகுவே நாட்டின் ஆட்சிமொழி. ஸ்பானிய மொழியோடு சரிசமமாக இருக்கிறது.

பிறகு அடுப்படிக்குப் போங்கள். வேர்க்கடலை அந்தக் கண்டத்துப் பயிர். முந்திரி பிரேசிலில் இருந்து வந்தது. மரவள்ளிக் கிழங்கும் அப்படியே. மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். ஆனால் நாம் குழம்பில் போடும் மிளகாயை முதலில் பயிராக்கியவர்கள் மெக்சிகோக்காரர்கள். மெக்சிகோ இருப்பது வட அமெரிக்காவில். பிள்ளை கேட்டால் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்!

உறையும் கிழங்கு

எல்லாவற்றிலும் மேலான பாடம் உருளைக்கிழங்கில் இருக்கிறது.

பெரு, பொலிவியா நாடுகளில் ஆண்டீஸ் மலை இருக்கிறது. அங்கே 12,500 அடி உயரத்தில் ஓர் ஏரி. பெயர் டிட்டிகாகா. அந்த வட்டாரத்து உழவர்கள்தான் காட்டில் கசந்து கிடந்த கிழங்கைப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கினார்கள். மஞ்சள், சிவப்பு, ஊதா, கறுப்பு என்று ஆண்டீஸ் மலையில் 4,000-க்கும் மேற்பட்ட கிழங்கு வகைகள் இருக்கின்றன. நமக்கு மசாலா தோசைக்கு ஒரு வகை போதும். அவர்களுக்கு ஒரே குடும்பத்தின் நிலத்தில் பல வகை வேண்டும். ஏன்? ஒரு வகை பனியில் கருகினாலும் இன்னொரு வகை பிழைக்கும். சாப்பாட்டுக்கு மோசம் வராது.

அந்த மலையில் இரவில் கடும் குளிர். பகலில் சுள்ளென்று வெயில். இரண்டையும் அவர்கள் வேலை வாங்கினார்கள். கிழங்கைத் தரையில் பரப்பிவிடுவார்கள். இரவில் அது உறைந்து கல்லாகும். பகலில் இளகும். காலால் மிதித்து, தண்ணீரைப் பிழிந்து, காய வைப்பார்கள். அதற்குச் 'சுன்யோ' என்று பெயர். ஆண்டுக்கணக்கில் கெடாது. நாம் வற்றல் போடுவதற்கு வெயில் ஒன்றுதான் துணை. அவர்களுக்குப் பனியும் துணை. இன்றும் அங்கே இப்படித்தான் செய்கிறார்கள்.

இதைக் கேட்ட பிள்ளை, அந்த ஜனங்களைக் காட்டுமிராண்டி என்று சொல்லுமா?

பழங்கதை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அங்கே எல்லோரும் லாமா மேய்க்கிறார்கள் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். பொலிவியாவில் லா பாஸ் என்று ஒரு பெரிய நகரம். சுமார் 12,000 அடி உயரம். ஊரே மேடும் பள்ளமும். அதனால் அங்கே 2014-ல் இருந்து நகர மக்கள் கம்பியில் தொங்கும் வண்டியில் வேலைக்குப் போகிறார்கள். பழனி மலை ரோப் கார் தெரியும் அல்லவா? அதே மாதிரிதான். நமக்கு டவுன் பஸ் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி!

யார் கண்டுபிடித்தது?

கேப்ரல் என்ற போர்த்துக்கீசியர் 1500-ம் ஆண்டு ஏப்ரலில் பிரேசில் கரையைத் தொட்டார். "கேப்ரல் பிரேசிலைக் கண்டுபிடித்தார்" என்று புத்தகத்தில் போடுகிறார்கள். அவர் புறப்பட்டது இந்தியாவுக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் கோழிக்கோட்டைக் கண்டுபிடித்தார் என்று சொன்னால் நாம் விழுந்து விழுந்து சிரிப்போம். சாமூதிரி ராஜா அங்கேதானே இருந்தார்! பிரேசிலிலும் ஆட்கள் இருந்தார்கள். அன்னாசிக்குப் பெயர் வைத்தவர்கள் வேறு யார்?

பெருவில் உள்ள மச்சு பிச்சு கோட்டைக்கும் இதே கதைதான். ஹிராம் பிங்காம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1911-ல் அதைக் கண்டார் என்பார்கள். அவர் மலை ஏறியபோது அங்கே சில உழவர் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. இடிந்த கட்டடங்களைச் சுற்றிக் காட்டியவன் ஒரு சிறு பையன்!

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுமைகளையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. இன்கா ராஜா அதாவல்பாவை 1532-ல் பிசாரோ என்ற ஸ்பானியத் தளபதி பிடித்து வைத்தான். விடுதலைக்காக ராஜா ஓர் அறை நிறையத் தங்கமும் வெள்ளியும் கொடுக்கச் செய்தார். வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டே கொன்றுவிட்டான். மறைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு நியாயம் அநியாயம் தெரியும்.

"தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது என்றே என் பிள்ளைக்குத் தெரியாது. அமேசான் எதற்கு?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். தாமிரபரணியை முதலில் சொல்லுங்கள் ஐயா, யார் தடுத்தது! ஆனால் அந்தக் கண்டத்துக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று எண்ண வேண்டாம். அங்கே கயானா என்று ஒரு நாடு. 1838-ல் இருந்து 1917 வரை சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறிப் போனார்கள். பெரும்பாலோர் வடநாட்டார். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களும் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை. ஆனால் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள்.

புல் பாலம்

எதிர்வீட்டுப் பையனுக்கு நான் கடைசியாகச் சொன்னது ஒரு பாலத்தின் கதை. பெருவில் அபுரிமாக் என்று ஓர் ஆறு. அதன் மேல் இன்கா காலத்து முறைப்படி கட்டிய ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. இரும்பு இல்லை, சிமெண்ட் இல்லை. முழுக்கப் புல்! ஆண்டுதோறும் ஜூன் மாதம் பக்கத்துக் கிராமத்தார் ஒன்றுகூடிப் புதிதாகக் கட்டுகிறார்கள். பெண்கள் சிறு கயிறு திரிப்பார்கள். ஆண்கள் அவற்றை முறுக்கிப் பெரிய வடமாக்கிக் கரைக்குக் கரை இழுத்துக் கட்டுவார்கள். 2020-ல் கொரோனாவால் கட்டவில்லை. மறு ஆண்டு மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. ஜூன் மாதமே மறுபடி கட்டிவிட்டார்கள்.

பையனுக்கு நம்பிக்கை இல்லை. "புல் எப்படித் தாங்கும்?" என்றான். ஒரு கை வைக்கோல் கொடுத்தேன். பட்டணத்தில் வைக்கோல் கிடைக்காவிட்டால் சணல் போதும். திரித்தான். புத்தகப் பையைத் தொங்கவிட்டான். அறுந்தது. மூன்று பிரியாக முறுக்கச் சொன்னேன். அதுவும் அறுந்தது. நான்காம் நாள் காலை, பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் ஓடி வந்தான். அவர்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் பை தொங்கிக்கொண்டிருந்தது!

"மாமா, பெருவில் இருக்கிற பசங்க இப்போ என்ன செய்வாங்க?" என்றான்.

மணி பார்த்தேன். எட்டரை.

"அங்கே இன்னும் நேற்று ராத்திரி பத்து மணி. தூங்குவாங்க" என்றேன்.